குறுக்குப் பெருக்கலைக் கடைசியா சொல்லிக் குடுங்க



ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பு முடிஞ்ச பிறகு மண்டபத்துல பிள்ளைங்களுக்கு நாங்க வீட்டுப்பாடம் பார்த்துக் குடுக்கிறது உங்களுக்குத் தெரியும். இந்த வாரம் பூஜை நேரம், உபயம் பத்தி எழுதாம கணக்கைப் பத்தி எழுதுறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுமையா படிங்க. ஆண்டு 4, 5, 6-ல பிள்ளை இருக்கிறவங்க கண்டிப்பா படிக்கணும்.

விஷயம் இதுதான். ரெண்டு பின்னத்துல எது பெருசுன்னு கேட்டா பிள்ளைங்க உடனே குறுக்கே பெருக்கிடுறாங்க. 3/5 பெருசா, 5/8 பெருசா? 3-ஐ 8-ஆல பெருக்கினா 24. 5-ஐ 5-ஆல பெருக்கினா 25. 25 பெருசு, அதனால 5/8 பெருசு. விடை சரி. ஆனா "அந்த 24 என்னப்பா, 25 என்ன?"ன்னு கேட்டா பதில் வரமாட்டேங்குது. "டியூஷன்ல அப்படித்தான் செய்யச் சொன்னாங்க அங்கிள்." அதோட முடிஞ்சுது.

குறுக்குப் பெருக்கல் நல்ல வழி, வேண்டாம்னு நாங்க சொல்லல. ஆனா அது கடைசிப் படி. அதையே முதல் படியா வச்சா பிள்ளை பின்னம்னா என்னன்னு பார்க்காமலே ஆரம்பப் பள்ளியைத் தாண்டிடும். இதுதான் எங்க கருத்து.

அன்னதானக் கணக்குல சொல்றோம், எல்லாருக்கும் புரியும். ஒரு நாள் 5 பந்திக்கு 3 வாளி சாம்பார். இன்னொரு நாள் 8 பந்திக்கு 5 வாளி. எந்த நாள் தாராளமா ஊத்தினோம்? பந்தி எண்ணிக்கை வேற வேறயா இருக்கிறதால நேரா சொல்ல முடியாது. சரி, ரெண்டு நாளும் 40 பந்தி உட்கார்ந்ததா வச்சுக்குவோம். முதல் நாள் அளவுக்கு 24 வாளி வேணும். ரெண்டாவது நாள் அளவுக்கு 25 வாளி வேணும். அந்த 24-ம் 25-ம் இங்கேருந்துதான் வருது! ரெண்டு பின்னத்துக்கும் பகுதி எண்ணை 40-ன்னு ஒண்ணாக்கிட்டோம். ரெண்டுக்கும் 40 பொதுவா இருக்கிறதால அதை எழுதாம விட்டுடுறோம். குறுக்குப் பெருக்கலோட ரகசியம் இவ்வளவுதான்.

நம்ம முன்னோர் இதை நல்லா தெரிஞ்சு வச்சிருந்தாங்க. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரின்னு பின்னத்துக்கெல்லாம் பேர் வச்சாங்க. முந்திரின்னா 320-ல ஒண்ணு. மாகாணி 16-ல ஒண்ணு, அதாவது 20 முந்திரி. மா 20-ல ஒண்ணு, அதாவது 16 முந்திரி. எது பெருசுன்னு குழப்பமே இல்ல. எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்துட்டு அப்புறம் ஒப்பிடுறது நம்ம கணக்குல பழைய பழக்கம்.

காரணம் தெரியாம வழியை மட்டும் மனப்பாடம் பண்ணினா என்ன ஆகுது? நாங்க வகுப்புல பார்க்கிறதைச் சொல்றோம்.

ஒண்ணு, பெருக்கி வந்த எண்ணை மாத்திப் போட்டுடுறாங்க. 24 எந்தப் பக்கம், 25 எந்தப் பக்கம்னு தெரியல. மேல இருக்கிற எண்ணுலேருந்து தொடங்கி, வந்த விடையை அந்த எண்ணுக்கு மேலேயே எழுதணும். ஏன்னு தெரிஞ்ச பிள்ளைக்கு இது மறக்காது.

ரெண்டு, கூட்டல்லயும் அதையே செய்றாங்க. 1/2 + 1/3. குறுக்கே பெருக்கி 3, 2. கூட்டினா 5. விடை 5-ன்னு எழுதி வைக்கிறாங்க. அரை ரொட்டியும் மூணுல ஒரு பங்கு ரொட்டியும் சேர்ந்து அஞ்சு ரொட்டி ஆகுமா? ஒப்பிடும்போது கீழே இருக்கிற 6-ஐ எழுதாம விடலாம், கூட்டும்போது விடக் கூடாது. 6 எங்கே ஒளிஞ்சிருக்குன்னு தெரிஞ்சாதானே எழுதும்?

மூணு, பெருக்கவே தேவையில்லாத இடத்துலயும் பெருக்குறாங்க. 3/7 பாதிக்குக் கம்மி. 5/9 பாதிக்கு மேல. பார்த்த உடனே சொல்லிடலாம். 10/11-ம் 11/12-ம் கேட்டா, முழுசுக்கு எவ்வளவு குறையுதுன்னு பாருங்க. ஒண்ணுல 1/11 குறையுது, இன்னொண்ணுல 1/12 தான் குறையுது. அப்போ 11/12 பெருசு.

பிறகு இடைநிலைப் பள்ளியில மைனஸ் எண் வரும். பகுதியில ஒரு மைனஸ் எண் இருந்தா இந்தக் குறுக்குவழி தலைகீழா விடை காட்டும். அப்போ "எனக்கு மேத்ஸ் வராது"ன்னு பிள்ளை கையை விரிச்சிடும்.

இது பரீட்சையோட முடியற விஷயமும் இல்ல. நாங்க ஃபேக்டரியில சூப்பர்வைசர் வேலை பார்க்கிறோம். ஏ லைன்ல 120 பீஸ்ல 7 ரிஜெக்ட், பி லைன்ல 160 பீஸ்ல 9 ரிஜெக்ட்னு வச்சுக்குங்க. 9 தானே அதிகம், பி லைன் ஆளுங்க சரியில்லன்னு திட்டலாமா? 7-ஐ 160-ஆல பெருக்கினா 1120. 9-ஐ 120-ஆல பெருக்கினா 1080. மோசம் ஏ லைன்தான். பின்னம் புரியாதவன் சூப்பர்வைசரா இருந்தா நல்லா வேலை செய்றவனுக்கு ஏச்சு விழும்.

கடையிலயும் அப்படித்தான். சவர்க்காரத்தூள் 2 கிலோ 13 ரிங்கிட், 3 கிலோ 20 ரிங்கிட்னு வைங்க. பெரிய பாக்கெட் மலிவுன்னு தூக்கிடுவோம். 13 பெருக்கல் 3, 39. 20 பெருக்கல் 2, 40. பெரிய பாக்கெட்தான் விலை கூட!

நம்ம ஊர்லயும் இருக்கிற ஏ அண்ட் டபிள்யூ பர்கர் கடையோட கதை தெரியுமா? 1980-கள்ல அமெரிக்காவுல 1/3 பவுண்டு பர்கர் வித்தாங்க, மெக்டோனல்ட்ஸோட 1/4 பவுண்டு பர்கருக்குப் போட்டியா. எடுபடல. மக்களைக் கூப்பிட்டுக் கேட்டா, 4 தானே 3-ஐ விட பெருசு, 1/3 சின்னதுன்னு பலர் நினைச்சாங்களாம். அப்போ அந்தக் கம்பெனியை வச்சிருந்த ஆல்பிரட் டாப்மன் இதைத் தன் புத்தகத்துலயே எழுதியிருக்காரு. அந்த மக்கள்ல நிறைய பேர் பள்ளிக்கூடத்துல பின்னம் படிச்சவங்கதான்.

"பரீட்சையில நேரம் இல்ல, குறுக்குவழிதான் மார்க் வாங்கித் தரும்"னு சில பெற்றோர் எங்ககிட்ட சொல்றாங்க. உங்க கவலை புரியுது. ஆனா யூபிஎஸ்ஆரை 2021-லயே எடுத்துட்டாங்க. ஆரம்பப் பள்ளியில அவசரப்பட வேண்டிய காரணம் குறைஞ்சிருக்கு. இப்ப நிதானமா சொல்லிக் குடுக்காம எப்ப சொல்லிக் குடுக்கப் போறோம்?

வீட்டுல செய்ய வேண்டியது மூணுதான். முதல்ல, ரொட்டி சானாயோ தோசையோ, பிய்ச்சுக் காட்டுங்க. ஒரே அளவு ரொட்டியா இருக்கணும், அது முக்கியம். சின்ன ரொட்டியில பாதியையும் பெரிய ரொட்டியில கால்வாசியையும் ஒப்பிட முடியாது. அடுத்து, பகுதி எண்ணை ஒண்ணாக்கி முழுசா எழுதச் சொல்லுங்க, 24/40, 25/40-ன்னு. ஒரு இருபது கணக்கு அப்படிப் போட்டதும் பிள்ளையே கேட்கும், "இந்த 40-ஐ ஏம்மா திரும்பத் திரும்ப எழுதணும்?" அன்னைக்குக் குறுக்குப் பெருக்கலைச் சொல்லிக் குடுங்க. அது பிள்ளையே கண்டுபிடிச்ச மாதிரி ஆயிடும்.

ஞாயிறு வகுப்புக்குக் கை உதவி வேணும். பட்டம் தேவையில்ல. எஸ்பிஎம் போதும், எங்களுக்கும் அவ்வளவுதான். பொறுமை இருக்கிற அண்ணன்மார், அக்காமார் மண்டபத்துக்கு வாங்க.