மூக்கால் படிக்கும் மரம்

பாலக்காட்டில் ஒரு மர அறுவை மில்லுக்குப் போயிருந்தேன். மரம் வாங்க அல்ல, மொழிபெயர்க்க. மரங்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கையேடு ஒவ்வொன்றுக்கும் நிறம், எடை, வாசனை என்று குறிப்பு தந்திருந்தது. முதல் இரண்டில் தமிழ் தடுமாறவில்லை. வாசனையில்தான் மாட்டிக்கொண்டேன்.

அறுவைக்காரர் கைகொடுத்தார். அப்போதுதான் அறுத்த தேக்குத் துண்டை நீட்டி, "எண்ணெய் போட்ட தோல் செருப்பு, சாரே" என்றார். கையேடும் தோல் என்றே சொன்னது. ஈட்டி, அதாவது நம் தோதகத்தி, லேசாக இனிக்கும். ஆங்கிலேயர் அதில் ரோஜாவை முகர்ந்து, மரத்துக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். ரப்பர் மரம்? மூக்கைச் சுளித்தார். ஈரத்தோடு கிடந்தால் புளித்த வாடை.

பழந்தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணமும்தான். இன்று அப்படி எழுதினால் மரம் வாங்க வந்தவர் ஓடிவிடுவார்.

மில்லிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு என்று சுற்றி இடுக்கி மாவட்டத்து மறையூருக்குப் போனேன். அங்கே வாசனை போலீஸ் விவகாரம். சந்தனக்காட்டில் நடந்தால் மணக்கும் என்று நினைத்திருந்தேன். மணக்கவில்லை. இலையிலோ பட்டையிலோ வெளிப்புற வெள்ளை மரத்திலோ அந்த வாசனை கிடையாது. உள்ளே வைரம் பாய்ந்த பகுதியில்தான் சாண்டலால் நிறைந்த எண்ணெய் இருக்கிறது. வேரில் இன்னும் அதிகம். வைரம் பாய வருடக்கணக்கில் ஆகும்.

திருடனுக்கும் இதே சிக்கல்தான். வெளியே நின்று முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. எனவே கொத்திப் பார்க்கிறான். வைரம் இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போகிறான். காயம் மரத்துக்கு.

வனத்துறை மரங்களுக்கு எண் போட்டு, வேலி அமைத்து, இரவும் பகலும் காவல் காக்கிறது. உயிருள்ள மரத்தை வெட்டுவதில்லை. பட்டுப்போனதையும் காற்றில் சாய்ந்ததையும் வேரோடு தோண்டி டிப்போவுக்குக் கொண்டுவருகிறார்கள். வெள்ளைப் பகுதியைச் செதுக்கித் தள்ளி, தரம் பிரித்து, மின்னணு ஏலத்தில் விடுகிறார்கள். செதுக்கும் இடத்தில்தான் எனக்கு அந்த மணம் கிடைத்தது. சட்டை ஊருக்கு வரும்வரை மணத்தது.

திரும்பியதும் கையேட்டைப் புரட்டினேன். சந்தன மரத்தின் வாசனைக்கு அது தந்திருந்த விளக்கம்: சந்தன வாசனை. அந்த ஒரு வரியை மட்டும் சிரமமில்லாமல் மொழிபெயர்த்தேன்.