பட்டா பார்த்தோம், படம் பார்த்தோமா?



முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் கிராமக் கிளைகளில்தான். பயிர்க்கடன், கிணறு வெட்டக் கடன், டிராக்டர் கடன் என்று எத்தனையோ பேருடைய நிலத்துக் காகிதங்கள் என் மேசைக்கு வந்து போயிருக்கின்றன. தாய்ப்பத்திரம், கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா, அடங்கல் எல்லாவற்றையும் வரிவரியாகப் படித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஆனால் கூடவே வந்த புலப்படத்தை, அதாவது எஃப்.எம்.பி.யை, கோப்பில் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதில் என்ன வரைந்திருக்கிறது என்று உட்கார்ந்து பார்த்ததில்லை. இதை இன்று சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஓய்வு பெற்ற பிறகு திருவண்ணாமலை மாவட்டத்தில் 4 ஏக்கர் 11 சென்ட் வாங்கினேன். பட்டாவில் 1 ஹெக்டேர் 66.5 ஏர். சுற்றிலும் கம்பி வேலி, கிழக்குப் பக்கம் ஒரே வரிசையில் 18 தென்னை. பத்திரத்தில் சக்குபந்தி தெளிவாக எழுதியிருந்தது. வில்லங்கம் சுத்தம். வங்கிக்காரன் கண்ணுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? வாங்கிவிட்டேன். ரசாயனம் போடாமல் நெல்லும் உளுந்தும் எள்ளுமாக நாலு வருஷம் ஓடியது.

ஒரு நாள் கீழ்ப்பக்கத்து நிலத்துக்காரம்மா ஒருவர் வந்தார். எழுபதுக்கு மேல் வயது. "சார், எங்க மாமனார் காலத்துல மழை பேஞ்சா தாங்கல்ல தண்ணி நிக்கும். இப்ப எல்லாம் ரோட்டு மேலதான் ஓடுது. மலையில இருந்து வந்த ஓடை எங்க போச்சுன்னு தெரியல. நீங்க படிச்சவங்க, காகிதத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றார்.

எனக்கு அது ஒரு கௌரவமாகக்கூட இருந்தது. ஊருக்கு ஒரு நல்ல காரியம் செய்யப் போகிறோம் என்று கிராம வரைபடத்தை வாங்கினேன். மலையடிவாரத்தில் தொடங்கி தாங்கல் வரைக்கும் ஓடை ஒரே கோடாக வரைந்திருந்தது. அதற்குத் தனிப் புல எண்ணும் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் அந்த எண்ணைப் பார்த்தேன். அரசு புறம்போக்கு, ஓடை என்று இருந்தது. பிறகுதான் என் நிலத்துப் புலப்படத்தை எடுத்து மேசை மேல் விரித்தேன்.

கிழக்கு எல்லைக் கோட்டுக்கு வெளியே பக்கத்து நிலத்துக்காரருடைய புல எண் இல்லை. ஓடையின் எண்தான் இருந்தது. நிலத்திலோ என் வேலி பக்கத்துக்காரருடைய வரப்பில் போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. நடுவில் இருக்க வேண்டிய ஓடை எங்கே? 140 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், கிட்டத்தட்ட 28 சென்ட். அது என் வேலிக்குள், என் தென்னை வரிசைக்கு அடியில் இருந்தது.

முன்னால் இருந்தவர் சமன்படுத்தியிருக்க வேண்டும். பத்திரம் எழுதியவர் பழைய பத்திரத்தைப் பார்த்துச் சக்குபந்தியை அப்படியே எழுதியிருக்க வேண்டும். ஆனால் நாலு வருஷமாகத் தண்ணீரை மறித்தது என் வேலிதான். மண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று கூட்டத்தில் பேசிவிட்டு வந்தவனும் நான்தான்.

இந்த அனுபவத்தை வைத்துத்தான் இந்தக் கட்டுரை. நம்மில் பலர் புதிதாக நிலம் வாங்குகிறோம். பலர் அப்பா, தாத்தா விட்டுப்போன நிலத்துக்குத் திரும்புகிறோம். மண் பரிசோதனை செய்கிறோம், நாட்டு விதை தேடுகிறோம். ஆனால் அந்த நிலத்தின் படத்தைப் பார்ப்பதில்லை. இது பெரிய தவறு என்பது என் கருத்து.

என்னென்ன காகிதம், எது எதைச் சொல்லும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பட்டா: யார் பெயரில், எந்தப் புல எண்ணில், எவ்வளவு பரப்பு, நஞ்சையா புஞ்சையா, தீர்வை எவ்வளவு என்று சொல்லும். இப்போது சிட்டாவும் அதோடு சேர்ந்தே வருகிறது. நிலத்தின் வடிவத்தையோ எல்லையையோ அது சொல்லாது. பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். 1 ஹெக்டேர் என்பது 2 ஏக்கர் 47 சென்ட். 1 ஏர் என்பது சுமார் இரண்டரை சென்ட்.

அடங்கல்: எந்தப் பசலியில் என்ன பயிர் இருந்தது என்ற கணக்கு. பசலி ஜூலை 1-ல் தொடங்கும். நிலம் தரிசாகக் கிடந்ததா, என்ன பயிர் போனது என்று பழைய அடங்கலைப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

'அ' பதிவேடு: ஊரில் உள்ள எல்லாப் புல எண்ணும் இதில் வரும். தனியார் நிலம் மட்டுமல்ல, ஏரி, ஓடை, வாய்க்கால், களம், மேய்க்கால், வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் உண்டு. மண் வகை, தரம், பாசன ஆதாரம் போன்ற விவரங்களும் இருக்கும்.

புலப்படம்: ஒரு புல எண்ணுக்கு ஒரு படம். பக்கங்களின் நீளம், உட்பிரிவுகள், கிணறு, பாதை, வாய்க்கால், சுற்றியுள்ள புல எண்கள் எல்லாம் இதில்தான். அளவுகள் மீட்டரில் இருக்கும். பழைய படமாக இருந்தால் சங்கிலி, லிங்க் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி, அதில் 100 லிங்க். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர்.

கிராம வரைபடம்: புலப்படங்கள் எல்லாம் சேர்ந்த ஊர்ப்படம். தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பதை ஒரே தாளில் பார்க்க இதை விட்டால் வேறு கிடையாது. பழைய படங்களில் 16 அங்குலம் ஒரு மைல் என்ற அளவு இருக்கும்.

நகரத்தை ஒட்டி நிலம் வாங்குகிறவர்கள் இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். நகர அளவை நடந்த இடம் என்றால் அதற்கு வார்டு, பிளாக் எண்ணோடு தனிப் பதிவேடும் பிளாக் படமும் உண்டு. அடுத்தது முழுமைத் திட்ட வரைபடம். உங்கள் வயல் விவசாய மண்டலத்தில் இருக்கிறதா, குடியிருப்பு மண்டலமா, தொழிற்சாலை மண்டலமா என்று அது சொல்லும். பத்து வருஷம் மண்ணை வளப்படுத்திய பிறகு பக்கத்தில் சாயப்பட்டறை வந்து உட்கார்ந்தால் நம்ம உழைப்பு என்ன ஆகும்?

பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் மூன்றையும் அரசின் இ-சேவை இணையதளத்திலேயே பார்க்கலாம், அச்சும் எடுத்துக்கொள்ளலாம். ஊர் பெயரும் புல எண்ணும் தெரிந்தால் போதும். கிராம வரைபடத்துக்கு நில அளவைத் துறையை அணுக வேண்டும். கிடைக்காத ஆவணத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது, மனுக் கட்டணம் 10 ரூபாய்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. புலப்படம் உரிமைப் பத்திரம் ஆகாது. உரிமைக்குப் பத்திரம், வருவாய்க் கணக்குக்குப் பட்டா, இடத்துக்கும் அளவுக்கும் படம். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் நம்ம வேலை. ஒத்துப்போகவில்லை என்றால் வாங்குவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.

படத்திலும் தப்பு இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும். 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், பெயர் மாறியது, பரப்பு குறைந்தது என்று இன்றும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் பழைய படத்தையும் பழைய பதிவேட்டையும் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும். தப்பு என்று தெரிந்தால் எழுத்து மூலம் மனு கொடுக்க வேண்டும். செல்போனில் கூகுள் படத்தை வைத்துக்கொண்டு "என் நிலம் உன் வரப்பு வரைக்கும் வருது" என்று பக்கத்து நிலத்துக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதில் வருகிற கோடு சில மீட்டர் தள்ளி நிற்கலாம். பணம் கட்டி, சர்வேயரை வரவழைத்து, பக்கத்து நிலத்துக்காரரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு அத்து காட்டச் சொல்வதுதான் முறை. நட்ட கல்லைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வதும் நம்ம பொறுப்பு. 1923-ஆம் வருஷத்து நில அளவை மற்றும் எல்லைகள் சட்டமே அதைச் சொல்கிறது.

இயற்கை விவசாயிக்கு இதில் தனி லாபமும் உண்டு. அங்ககச் சான்றுக்கு விண்ணப்பிக்கும்போது பண்ணை வரைபடம் கேட்பார்கள். பக்கத்து வயலில் மருந்து அடித்தால் நம்ம பயிரில் படாமல் இருக்க இடைவெளி விட வேண்டும். அந்த இடைவெளியை எங்கிருந்து அளப்பது? எல்லை தெரியாமல் உயிர்வேலி போட்டால், நொச்சியும் ஆடாதொடையும் வளர்ந்த பிறகு பிடுங்கி நட வேண்டியிருக்கும். நான் புலப்படத்தைப் பெரிதாக நகல் எடுத்து, அதன் மேலேயே பண்ணைக்குட்டை, மரவரிசை, பயிர்ச்சுழற்சி எல்லாவற்றையும் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு நகல். நாலு ரூபாய் செலவில் நல்ல நோட்டுப் புத்தகம்.

சரி, என் ஓடைக் கதைக்கு வருகிறேன். வீட்டில் இரண்டு கருத்து. "நீங்களா மறிச்சீங்க? வாங்கும்போதே அப்படித்தானே இருந்துச்சு. யாராவது வந்து கேட்டா பாத்துக்கலாம்" என்றான் மகன். அவன் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது, நானும் அந்த 28 சென்ட்டுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் நானும் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மாவை வழியில் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அதுதான் தாங்க முடியாமல் போனது.

கடைசியில் சர்வேயரை வரவழைத்து அளந்தோம். வேலியை உள்ளே தள்ளிப் போட்டேன். ஓடை என்னிடம் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடமும் ஊராட்சியிலும் எழுதிக் கொடுத்தேன். புறம்போக்கில் நிற்கிற மரம் அரசுக்குச் சொந்தம், அதனால் 18 தென்னையும் வேலிக்கு வெளியே போயின. நூறு நாள் வேலையில் அந்தப் பகுதியைத் தூர்வாரினார்கள். அந்த வருஷம் வடகிழக்குப் பருவமழையில் தாங்கலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. நிறையவில்லை. காரணம், எனக்கு மேலே இன்னும் இரண்டு வேலிகள் ஓடையில் நிற்கின்றன. அதில் ஒருவர் என்னோடு இயற்கை விவசாயக் கூட்டத்துக்கு வருகிற நண்பர். "எல்லாரும் எடுத்தா நானும் எடுக்கறேன்" என்கிறார். எல்லாரும் என்று அவர் சொல்கிற கணக்கில் மீதி இருப்பது அவரும் இன்னொருவரும்தான்.

இதனால்தான் தனியாக ஒருவர் காகிதம் பார்த்தால் போதாது என்கிறேன். என் யோசனை இது. ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் அந்த ஊரின் கிராம வரைபடத்தைப் பெரிதாக வரைந்து வைக்க வேண்டும். ஏரி, ஓடை, வாய்க்கால், மேய்க்கால், களம், பாதை எல்லாம் தனித்தனி வண்ணத்தில், புல எண்ணோடும் பரப்போடும் இருக்க வேண்டும். எந்த ரகசியமும் இதில் இல்லை, எல்லாம் அரசுப் பதிவேட்டில் இருப்பதுதான். சாதாரணமாக ஒரு சுவர் விளம்பரத்துக்கு ஆகிற பெயின்ட் போதும். வருஷத்தில் ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்றைக்கு இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவது நம்ம இயக்கத்து நண்பர்களால் முடியாத காரியம் இல்லை.

படத்தைச் சுவரில் போட்டால் ஏழைகளுடைய குடிசைதான் முதலில் போகும் என்று ஒரு நண்பர் சொன்னார். நியாயமான பயம். வீடில்லாமல் ஓடைக்கரையில் குடியிருக்கிறவருக்கு முதலில் மாற்று இடம் கொடுக்க வேண்டும், அதையும் அதே கிராம சபையில் நாம்தான் கேட்க வேண்டும். எங்க ஊர்ப்படத்தை நான் பார்த்தவரைக்கும், தண்ணீரை மறிப்பது குடிசை இல்லை. என்னைப் போன்றவர்களுடைய கம்பி வேலிதான்.

அதனால் அடுத்தவருடைய புல எண்ணில் தொடங்காதீர்கள். இந்த வாரமே உங்கள் நிலத்துப் புலப்படத்தை எடுங்கள். நாலு மூலையிலும் கல் இருக்கிறதா என்று நடந்து பாருங்கள். எல்லைக்கு வெளியே எழுதியிருக்கிற எண்கள் யாருடையவை என்று 'அ' பதிவேட்டில் பாருங்கள். அதில் ஓடை என்றோ வாய்க்கால் என்றோ இருந்தால், அது இப்போது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

அந்த அம்மா இப்போதும் மழை பெய்த மறுநாள் தாங்கல் கரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். நானும் கூடப் போகிறேன். மேலே உள்ள இரண்டு வேலிக்கும் சேர்த்து அடுத்த கிராம சபையில் மனு வைத்திருக்கிறோம். முதல் கையெழுத்து அவருடையது, இரண்டாவது என்னுடையது.