பல்லுக்கு இட்ட உறை

 

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை கிராமத்தையொட்டிய களிமண் ஓடைகளிலிருந்து சுறாமீன்களின் பற்கள் கிடைத்துள்ளன. பெரம்பலூரும் அரியலூரும் கடலுக்கடியில் இருந்த காலத்தவை. வயது ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகள். சுறாவின் குருத்தெலும்பு மண்ணில் மக்கிவிட்டது. பல் மட்டும் எஞ்சியது. மனித உடலிலும் மிகக் கடினமான பொருள் பல்லின் மேற்பூச்சாகிய எனாமல்தான். ஆயினும் நாம் உண்ணும் இனிப்பைக் கிருமிகள் அமிலமாக்கும்போது அது சிறுகச் சிறுகக் கரைகிறது. உடைந்த எலும்பு கூடிவிடும். குழிவிழுந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை.

சொத்தை நரம்புவரை சென்றால் ரூட் கேனால் எனப்படும் வேர்ச் சிகிச்சை செய்கிறார்கள். அதன்பின் கடைவாய்ப் பல்லுக்குக் கேப், அதாவது உறை, இடச் சொல்வது எதற்காக? உள்ளே குடைந்து சுவர் மெலிந்த பல், மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடக்கூடும் என்பதற்காகவே. நம்மவரில் பலர் வலி நின்றதும் மருத்துவரை மறந்துவிடுகின்றனர். ஆறு மாதம் சென்று கறித்துண்டைக் கடிக்கையில் பல் இரண்டாகப் பிளக்கிறது. வேர்வரை பிளந்த பல்லைப் பெரும்பாலும் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும். சேமித்ததாக எண்ணிய பணம் இரட்டிப்பாகச் செலவாகிறது.

லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா சென்றிருக்கும் சகோதரர்களுக்குத் தனியே ஒரு சொல். விடுமுறையின் கடைசி வாரத்தில், திருமண விருந்துகளுக்கிடையே, பல் மருத்துவரிடம் ஓடாதீர்கள். உறை சற்றே உயரமாக அமைந்தாலும் கடிக்கும்போதெல்லாம் வலிக்கும். அதை இரண்டொரு நாளில் தேய்த்துச் சரிசெய்ய வேண்டும். விமானம் ஏறிய பின் யார் செய்வது? ஊர் வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிவிடுங்கள்.

உறை இட்ட பல்லுக்குச் சொத்தை வராது என்று நம்புவோர் உளர். உறை சொத்தையாகாது, உண்மைதான். அதன் விளிம்பும் ஈறும் சேருமிடத்தில் உள்ள சொந்தப் பல் சொத்தையாகும். உறைக்கடியில் துர்நாற்றமோ, உப்புக் கரிப்பது போன்ற சுவையோ, ஆட்டமோ தோன்றினால் ஒட்டுப்பசை விட்டிருக்கலாம், உள்ளே அழுகியுமிருக்கலாம். பீங்கான் பூசிய உலோக உறையில் ஈறோரம் கருங்கோடு தெரிவது மட்டும் பெரும்பாலும் அழகுக் குறையே, அஞ்ச வேண்டியதில்லை.

குளிப்பு நிறைவேறுமா என்று மதரஸாவில் அடிக்கடி கேட்கிறார்கள். ஹனஃபி மத்ஹபில் கடமையான குளிப்பில் வாய் கொப்பளிப்பது ஃபர்ளு என்பதால் எழும் ஐயம் இது. துன்பமின்றிக் கழற்ற இயலாதபடி நிலையாக ஒட்டிய உறையின்மேல் தண்ணீர் பட்டாலே போதும் என்பதே உலமாக்களின் விளக்கம். கழற்றி மாட்டும் பல்செட்டைக் கழற்றிவிட வேண்டும். ஆண்கள் தங்கப் பல் கட்டுவது பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. போரில் மூக்கையிழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசவே, தங்க மூக்கு பொருத்தப் பெருமானார் (ஸல்) அவர்கள் பணித்த ஹதீஸ் அபூதாவூதிலும் திர்மிதியிலும் உள்ளது. அனுமதிப்போர் அதையே ஆதாரமாகக் கொள்கின்றனர். பீங்கானும் ஜிர்கோனியாவும் கிடைக்கும் இந்நாளில் அந்த விவாதமே பலருக்குத் தேவைப்படாது.

மலிவாகக் கிடைக்கிறதென்று படிப்பில்லாதவரிடம் பல் கட்டிக்கொள்வதைத்தான் வன்மையாகத் தடுக்க விரும்புகிறேன். பிளாஸ்டிக் பல்லைப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து அவர்கள் பசையால் அப்பிவிடுகிறார்கள். துலக்க வழியின்றி நல்ல பற்களும் ஆட்டங்காணும்.

உறை கழன்று விழுந்தால் எறிந்துவிடாதீர்கள். கழுவிச் சிறு டப்பாவில் வைத்து, சில நாட்களுக்குள் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். சிறுவர் விழுந்து நிலைப்பல் முழுதாகக் கழன்றுவிட்டால் வேரைத் தொடாமல் எடுத்துப் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் மருத்துவரை அடையுங்கள். மீண்டும் பொருத்த வாய்ப்புண்டு. பால்பல்லுக்கு இது வேண்டாம். பல்வலியோடு கன்னம் வீங்கிக் காய்ச்சலும் விழுங்க இயலாமையும் சேர்ந்தால், இரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.