ஏசியில் கேஸ் தீர்ந்துபோவதில்லை, கசிந்துபோகிறது

மார்ச் பிறந்தால் போதும், யாங்கோனில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் ஓடும். "ஏசியில் கூலிங் இல்லை, கேஸ் போட நல்ல ஆள் யாராவது தெரியுமா?" சென்னை, துபாய், கோலாலம்பூர் என்று எந்த ஊர்த் தமிழரும் கேட்கிற கேள்விதான் இது. ஆனால் கேள்வியே தப்பு என்கிறேன் நான்.

ஏசியில் இருக்கும் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருப்பது. பத்து வருஷம் ஓடினாலும் அளவு குறையக் கூடாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையை அடைக்காமல் கேஸ் போடுவது, அடியில் துளை விழுந்த குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

முன்பெல்லாம் காயில் என்றால் காப்பர் குழாய். இப்போது விலை குறைந்த மாடல்களில் அலுமினியக் காயில் நிறைய வந்துவிட்டது. எடை குறைவு, விலை குறைவு. அலுமினியமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். காரில் இருக்கிற ஏசி காயில் அலுமினியம்தான். சிக்கல், அது ஓட்டையாகும்போது தொடங்குகிறது.

யாங்கோனில் மே முதல் அக்டோபர் வரை மழை. சுவரெல்லாம் பாசி பிடிக்கிற ஈரம். காப்பரும் அலுமினியமும் சேரும் இடத்தில் ஈரம் தங்கினால், பேட்டரிக்குள் நடப்பது போன்ற ஒரு வேலை நடந்து அலுமினியத்தை அரித்துவிடும். காப்பரும் தப்பிப்பதில்லை. மரச்சாமான்களிலிருந்தும் சில சுத்தம் செய்யும் திரவங்களிலிருந்தும் கிளம்பும் அமில ஆவி, மெல்லிய காப்பர் குழாயில் எறும்புப் புற்று போலக் கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும்.

காப்பரில் ஓட்டை என்றால் மெக்கானிக் அங்கேயே பற்றவைத்துவிடுவார். காப்பர் உருக 1,085 டிகிரி வெப்பம் வேண்டும், அதற்கு முன்பே சிவந்து எச்சரிக்கும். அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகும், நிறம் மாறாது. நன்றாக இருப்பது போலத் தெரியும், அடுத்த நொடி குழாய் கையில் ஒழுகிவிடும். போதாததற்கு மேலே படிந்திருக்கும் ஆக்சைடு படலம் உருக 2,000 டிகிரிக்கும் மேலே போக வேண்டும். அதனால்தான் பலர், "அலுமினியம் சார், ஒண்ணும் பண்ண முடியாது. கேஸ் போட்டுத் தரேன், ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று முடித்துவிடுகிறார்கள்.

பண்ண முடியும். மிச்சக் கேஸை சிலிண்டரில் பிடித்துவிட்டு, நைட்ரஜன் அழுத்தம் கொடுத்து, சோப்பு நுரை தடவினால் ஓட்டை தெரியும். கசிந்த இடத்தில் எண்ணெய்க் கறையும் இருக்கும். ஆக்சைடைச் சுரண்டி எடுத்து, அலுமினியத்துக்கென்றே இருக்கும் குறைந்த வெப்பத்தில் உருகும் கம்பியும் ஃப்ளக்ஸும் வைத்து, தீயை ஒரே இடத்தில் நிறுத்தாமல் பற்றவைக்க வேண்டும். மறுபடி அழுத்தச் சோதனை, பிறகு வேக்கம், கடைசியில் எடை பார்த்துக் கேஸ். எப்பாக்சி பசையும் சில இடங்களில் தாங்கும். ஆனால் வெளி யூனிட்டின் அழுத்தத்துக்கும் சூட்டுக்கும் அதை நம்ப முடியாது. ஃபின்களுக்கு நடுவே பல இடங்களில் அரித்திருந்தால் காயிலையே மாற்றுவதுதான் நியாயம்.

நான் வழக்கமாகக் கூப்பிடும் பர்மிய மெக்கானிக்கை 'ஆகோ' என்பேன், அண்ணன் என்று அர்த்தம். ஓட்டையைத் தேடலாமே என்றபோது அவர் கேட்டது இதுதான்: "ரெண்டு மணி நேரம் தேடினால் யார் காசு தருவா?" நியாயமான கேள்வி. கேஸ் போட்டால் அரை மணி நேரத்தில் கூலி. ஓட்டையைத் தேடினால் அரை நாள், அதற்கு நாம் பேரம் பேசுவோம். உழைப்புக்குத் தராமல் கேஸுக்கு மட்டும் காசு தந்தால், அவரும் கேஸைத்தானே விற்பார்?

இதில் நஷ்டம் நமக்குத்தான். யாங்கோனில் கரண்ட் முறை வைத்து வருகிறது. வரும் சில மணி நேரத்திலும் கேஸ் குறைந்த ஏசி ஓடிக்கொண்டே இருக்கும், அறை குளிராது. 2024 ஏப்ரலில் மியான்மரின் சாவுக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. இந்த வெயிலில் வயதானவர்கள் இருக்கும் வீட்டுக்கு ஏசி ஆடம்பரம் இல்லை.

உலகத்துக்கும் நஷ்டம். ஒரு கிலோ ஆர்-32 காற்றில் கலந்தால் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். ஆர்-410ஏ என்றால் 2,000 கிலோவைத் தாண்டும். இதற்காகத்தான் 2016-ல் கிகாலியில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன, 2021-ல் இந்தியாவும் சேர்ந்தது. அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாதவர் இந்தக் கேஸ் குழாயைத் திறக்கவே கூடாது. நம் ஊர்களில் ஒரு ஸ்பேனரும் சிலிண்டரும் இருந்தால் போதும் என்ற நிலை இன்னும் மாறவில்லை.

ஆபத்து மெக்கானிக்குக்கும் இருக்கிறது. ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது. கேஸ் மிச்சமிருக்கும் குழாயில் தீயைக் காட்டினால் நச்சு வாயு வரும். நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜன் ஏற்றிச் சோதித்தால் கம்ப்ரசர் எண்ணெயோடு சேர்ந்து வெடிக்கும். ஐ.டி.ஐ. குளிர்சாதனப் பிரிவு முடித்து வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இந்த வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர். அலுமினியம் பற்றவைக்கும் பயிற்சியை அவர்களுக்குக் கொடுத்தால் சம்பளமும் கூடும், உயிரும் பத்திரம்.

நான் கேட்பது மூன்றுதான். காயில் காப்பரா அலுமினியமா என்று பெட்டியின் மேலேயே கம்பெனிகள் அச்சிடட்டும். உதிரிக் காயிலைக் கட்டுப்படியாகும் விலையில் தரட்டும். நாமும் ஊரில் இருக்கும் அப்பா அம்மாவின் ஏசிக்கு இங்கிருந்து பணம் அனுப்பும்போது, "கேஸ் போட எவ்வளவு?" என்பதை விட்டுவிட்டு, "ஓட்டை எங்கேன்னு கண்டுபிடிச்சு அடைக்க எவ்வளவு?" என்று கேட்போம். முதல் பில் கொஞ்சம் கூடத்தான் வரும். அடுத்த வருஷம் அதே பில் மறுபடி வராது.