இரவைப் பாடிய இருவகைப் பாட்டு

இலாசு வேகாசு என்னும் ஊர்ப்பெயருக்கு இசுப்பானிய மொழியில் புல்வெளிகள் என்பது பொருள். நெவாடாப் பாலையிடை ஊற்றுநீரால் பசுமையுற்றிருந்த அவ்விடம், 1931-இல் அம்மாநிலம் சூதாட்டத்திற்குச் சட்ட இசைவு தந்தபின் உலகறிந்த சூதுநகராயிற்று. அதனை வாழ்த்தி எல்விசு பிரெசுலி 1964-இல் திரைப்படத்திற் பாடிய பாட்டு இன்றும் ஒலிக்கின்றது. களித்தாட ஒருநாளின் மணிகள் போதவில்லையென அஃது ஏங்குகின்றது. கைப்பொருள் முற்றும் போயினும் களித்த நினைவு எஞ்சும் என்கின்றது. துள்ளலான இசைதான். யானும் கேட்டேன், கால் தாளமிட்டதையும் மறைப்பதற்கில்லை.

நகரின் இரவைப் பாடுதல் தமிழர்க்குப் புதிதன்று. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்கு மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி 782 அடிகளையுடையது. அல்லங்காடி ஆரவாரமும், யாமந்தோறும் மாறும் இரவின் நிலையும் அதிலுள. அடையும் மோதகமும் விற்ற கூவியர் தம் பண்டத்தருகே இருந்தபடியே தூங்குகின்றனர். நூலேணி சுற்றிய கள்வர் இருளில் ஒளிகின்றனர். ஊர்காவலர் அவரைத் தேடித் திரிகின்றனர். செல்வரை மயக்கிப் பொருள் கவரும் பரத்தையரையும் புலவர் மறைத்திலர். இத்தனையும் காட்டுவது அரசனுக்கு நிலையாமையை உணர்த்தற்கே. வேகாசுப் பாட்டிலோ கூவியரும் இல்லை, காவலரும் இல்லை. தோற்றவன் விடியலில் எங்குச் சென்றான் என்பதும் இல்லை.

கடல்கடந்த ஊரின் பாட்டால் சேவுகம்பட்டித் தமிழாசிரியனுக்கு என்ன என்பீர்கள். 2011-இல் வந்த 'மங்காத்தா' திரைப்படம் சீட்டுச்சூதின் பெயரையே பாட்டின் எடுப்பாக்கி, ஆங்கிலமுங் கலந்து தந்தது. பள்ளி விழாவொன்றில் அதற்குப் பிள்ளைகள் ஆடினர், யாமெல்லாம் கைதட்டினோம்.

அவருள் ஒருவன், நிலக்கோட்டைப் பூச்சந்தையில் வீட்டார் மல்லிகை விற்ற காசைக் கைப்பேசிச் சீட்டாட்டத்தில் இட்டான். முதற் கிழமையில் சில நூறு உரூபா வென்றான். பின்னர்த் தாயின் தோடு அடகிற்குச் சென்றது. சூதில் வெல்வதைத் தூண்டில் இரும்பை மீன் விழுங்குதற்கு வள்ளுவர் ஒப்பிட்டதை அவனுக்கு நடத்தியவன் யானே. தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றான்!

தமிழக அரசு இணையச் சூதாட்டத் தடைச்சட்டத்தை 2022-இல் கொணர்ந்தது. ஆளுநர் திருப்பியனுப்ப, மீண்டும் நிறைவேறி 2023 ஏப்பிரலில் இசைவு பெற்றது. அவ்வாண்டே சென்னை உயர் வழக்குமன்றம் இரம்மியைச் சூதுப் பட்டியலினின்று நீக்கியது. 2025-இல் நள்ளிரவு 12 முதல் 5 மணிவரை காசாட்டம் கூடாதென விதி வந்தது. அவ்வாண்டு ஆகட்டில் நாடாளுமன்றமே காசுகட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடுக்கும் சட்டம் இயற்றிற்று. நன்று. வேகாசில் விளக்கொளியில் நிகழ்வது ஈண்டுப் போர்வைக்குள் நிகழ்ந்தது. என் மாணவன் பெரும்பாலும் இழந்ததும் அந்நள்ளிரவு மணிகளிலேதான்.

ஆயினும் ஆட்டத்தைத் தடுக்கும் சட்டம், அதனை ஆண்மையென்றும் அழகென்றும் காட்டும் பாட்டைத் தொடாது. தொடவும் வேண்டா, பாட்டிற்குத் தடை கேட்பவனல்லன் யான். நம் பாவலர் நகரிரவைப் பாடுக, துள்ளலிசையிலேயே பாடுக. ஆனால் மருதனார்போல் விடியும்வரை பாடுக என்பதே என் வேண்டுகை.

அப்பிள்ளை இன்று வத்தலக்குண்டில் ஒரு கடையிற் பணிசெய்து அடகை மீட்டுவருகின்றான். கைப்பேசியில் அவ்வாட்டம் இல்லை. அழைப்பொலி மட்டும் இன்னும் அந்த மங்காத்தாப் பாட்டே.