இரவு எட்டரை மணிக் கூட்டம்

மதுரையில் முப்பது வருஷம் மருந்துக் கம்பெனி பை தூக்கினவன் நான். டாக்டர்கள் சங்கங்களின் மாதக் கூட்டத்துக்கு ஓட்டலில் ஹால் பிடிப்பது, பேனர் கட்டுவது, சாப்பாட்டுக்குச் சொல்வது எல்லாம் எங்களைப் போன்ற ரெப்புகளின் வேலை. கிளினிக் முடித்து வர வேண்டுமே என்று இரவு எட்டரைக்கு வைப்போம். பேச்சு முடியப் பத்தாகும். அப்புறம் ஒரு கோஷ்டிக்குத் தீர்த்தம். அடுத்த வருஷம் யார் தலைவர், யார் செயலாளர் என்பது பெரும்பாலும் அந்த மேசையில்தான் முடிவாகும்.

லேடி டாக்டர்கள் ஒன்பதரைக்கே கிளம்பிவிடுவார்கள். கணவன் மனைவி இருவரும் டாக்டர் என்றால் அவர் வருவார்; பிள்ளைக்குப் பரீட்சை என்று அம்மா வீட்டில் இருப்பார். ஆனால் ஆண்டு மாநாட்டில் வரவேற்புக் குழுவுக்கும் குத்துவிளக்கு ஏற்றவும் அவர்கள் வேண்டும்!

ஒரு மூத்த டாக்டரம்மாவிடம், "இந்த வருஷம் நீங்க செயலாளரா நிக்கலாமே, மேடம்" என்றேன். "கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை காலையில வைப்பீங்களா?" என்றார். சிரித்து மழுப்பிவிட்டேன். நேரம் குறித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது பேத்தி எம்.பி.பி.எஸ். மூன்றாம் வருஷம். அந்தக் கேள்வி உறுத்துகிறது.

பெண்களுக்குத் தலைமை தாங்க ஆர்வம் இல்லை என்பார்கள். 1976-ல் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியபோது கூடவே நின்றவர் தங்கை டாக்டர் நாச்சியார். கிராமத்துப் பெண்களைக் கண் மருத்துவ உதவியாளர்களாகப் பழக்கி எடுத்ததில் அவர் பங்கு பெரிது. கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமிக்கு 2007-ல் பத்மஸ்ரீ. நாச்சியாருக்கு 2024-ல்தான் வந்தது.

வெள்ளைக்காரன் மட்டும் யோக்கியனா? எலிசபெத் காரெட் ஆண்டர்சன் 1873-ல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கத்தில் சேர்ந்தார். இன்னொரு பெண் வந்துவிடக் கூடாதென்று 1878-ல் தடையே போட்டார்கள். 1892 வரை அவர் ஒருத்தர்தான் பெண் உறுப்பினர். நம்மூரில் யாரும் தடை போடவில்லை. கூட்ட நேரத்தை மாற்றவில்லை, அவ்வளவுதான்.

சங்கத்து டாக்டர்களே, கூட்டத்தை ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள். பதவிக்கு நிற்பவர்கள் பெயரை ஒரு மாதம் முன்பே எல்லா உறுப்பினருக்கும் அனுப்புங்கள். மாநாட்டு மண்டபத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறை, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. செலவுக்கா பஞ்சம்? பைக்கும் பேனாவுக்கும் கொடுக்கிற கம்பெனி இதற்கும் கொடுக்கும். நான் கேட்டு வாங்கித் தருகிறேன்.