பட்டியல் காட்டவும் இரவல் லைப்ரரியா?

பொட்டி தட்டுற மக்களே, இன்னிக்கு கொஞ்சம் திட்டு விழும். செயலியில நாலு வரி பட்டியல் காட்டணுமா, உடனே எவனோ எழுதி வெச்ச லைப்ரரியை இறக்கு. உள்ளே என்ன நடக்குதுன்னு மட்டும் கேட்கக் கூடாது!

ஆயிரம் வரி இருந்தாலும் ஐபோன் ஆயிரம் கட்டம் செய்யறதில்லை. திரையில தெரியற பத்துப் பன்னிரண்டைச் செஞ்சு, மேலே போய் மறையறதையே எடுத்து கீழே புது விவரத்தோட காட்டும். 2008-லிருந்து யூஐடேபிள்வியூ செய்யற வேலை இதுதான். 2014-ல ஆண்ட்ராய்டுக்கு வந்த ரிசைக்ளர்வியூவும் இதே சங்கதி.

எங்க பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கு இது புதுசே இல்லை. ஜக்கார்டுல கோத்த அட்டைங்க சுத்திச் சுத்தி வரும். அதே அட்டைதான் அடுத்த புட்டாவையும் போடும். ஒரு அட்டையில ஓட்டை தப்பா இருந்தா ஒவ்வொரு சுத்துலயும் அதே தப்பு வரும். எந்த அட்டைன்னு தேடிப் பிடிக்க அவருக்குத் தெரியும்.

நம்மாளுக்குத் தெரியாது. இங்கே ஒரு பட்டுக்கடை செயலி பார்த்தேன். வேகமா தள்ளினா மாம்பழக் கலர் புடவையோட விலைக்குப் பக்கத்துல அரக்குப் புடவை படம். பழைய கட்டத்துக்காகக் கிளம்பின படம் லேட்டா வந்து புது வரியில உட்கார்ந்துக்குது. செஞ்ச தம்பியைக் கேட்டா, "லைப்ரரி அப்படித்தாண்ணா". வாங்கறவங்க படத்தைப் பார்த்துத்தானய்யா பணம் கட்டறாங்க! திரும்பி வர்ற புடவை யார் தலையில விழும்?

தமிழுக்கு நடக்கற கொடுமை தனி. இங்கிலீஷுக்கு அளவெடுத்து வரி உயரத்தை இறுக்கி வெச்சா, 'கூ'வோட சுழி வெட்டுப்படும், நீளமான பேர் பாதியில நிக்கும். எழுத்துக்குத் தகுந்த மாதிரி வரி தானா உயர்ற வசதி 2014-ல ஐஓஎஸ் 8-லேயே வந்தாச்சு.

"ஃபேஸ்புக்காரனே லைப்ரரி போட்டானே"ன்னு பின்னூட்டத்துல வருவீங்க. போட்டாங்க. 2009-ல ஜோ ஹெவிட் எழுதின 'த்ரீ ட்வென்டி' வந்தப்ப ஊரே அது பின்னாடி ஓடுச்சு. சில வருஷத்துல கவனிப்பாரில்லாம போச்சு. நம்பிக் கட்டினவங்க பிரிச்சுக் கட்டினாங்க. 2016-ல இன்ஸ்டாகிராம் வெளியிட்ட ஐஜிலிஸ்ட்கிட் நல்ல சரக்குதான். ஆனா அது அவங்க அளவு பிரச்சினைக்கு; ஐம்பது புடவை காட்டற கடைக்கு எதுக்கு?

லைப்ரரியே ஆகாதுன்னு சொல்லலை. முதல்ல ஒரு தடவை சொந்தக் கையால எழுதிப் பாருங்க. உடைஞ்சா எங்கே பார்க்கணும்னு தெரிஞ்சப்புறம் எதை வேணா இறக்கிக்கோங்க.

டிஸ்கி: தொப்பி யாருக்குப் பொருந்துதோ, அவங்க போட்டுக்கலாம் :-)